டெல்டா சாலைகளில் பைக் ஓட்டுகிறவர்களின் உரிமை: கோட்டை வரை எப்படிக் கொண்டுபோவது?

வெண்ணாற்றங்கரை (இழையைத் தொடங்கியவர்)

நீடாமங்கலம் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். லாரிக்குச் சங்கம் இருக்கிறது, ஆட்டோவுக்கு இருக்கிறது, பஸ் முதலாளிகளுக்கும் இருக்கிறது. நம் ஊரில் வீட்டுக்கு வீடு வாசலில் நிற்கிற பைக்குக்காக அரசிடம் போய்ப் பேசத்தான் ஆள் இல்லை.

2022ஆம் ஆண்டுக்கான மத்திய அரசின் சாலை விபத்து அறிக்கையைப் பாருங்கள். நாடு முழுக்கச் சாலையில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் 44.5 சதவீதம் இருசக்கர வண்டியில் போனவர்கள். விபத்து எண்ணிக்கையில் தமிழ்நாடுதான் முதலிடம்: 64,105. நம் மாநிலத்தில் அந்த ஒரு வருடத்தில் இறந்தவர்கள் 17,884 பேர்.

எங்கள் ஆற்றங்கரைச் சாலையைச் சொல்கிறேன். ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் வயல் பள்ளம். எதிரே பஸ் வந்தால் பைக்காரன்தான் இறங்கி வழிவிட வேண்டும். தாருக்கு மேல் தார் போட்டுச் சாலை உயர்ந்துகொண்டே போகிறது, பக்கத்து பெர்மில், அதாவது தாருக்கு வெளியே இருக்கிற சாலையோரத்தில், மண் நிரப்புவதில்லை. அதனால் தார் விளிம்பு ஒரு சாண் உயரத்துக்குக் கத்தி மாதிரி நிற்கிறது. இறங்கிய முன்சக்கரத்தைத் திரும்ப ஏற்றப் பார்த்தால் டயர் விளிம்பில் உரசி வண்டியைச் சாய்த்துவிடும். பஸ்ஸுக்கோ காருக்கோ இது ஒரு குலுக்கல். பின்னால் மனைவி, முன்னால் பிள்ளை என்று போகிறவனுக்கு அது உயிர். மதகு வரும் இடங்களில் சாலை இன்னும் குறுகும். பல மதகுகளில் கைப்பிடிச் சுவர் உடைந்து வருடக்கணக்காகிறது.

இதை மாநில அரசிடம் முறையாகக் கொண்டுபோக வேண்டும். எந்த வாசல் வழியாகப் போவது? விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

குத்தாலத்துக்காரன்

அண்ணே, உரிமை என்று பேச ஆரம்பித்தால் முதலில் ஹெல்மெட் அபராதத்தைப் பேசுங்கள். 2022 அக்டோபரில் அதை 1000 ரூபாய் ஆக்கினார்கள். பின்னால் உட்கார்ந்திருப்பவர் போடாவிட்டாலும் கட்ட வேண்டும். நாற்று நடப் போகிற தம்பதிக்கு அது இரண்டு பேருடைய அன்றைய கூலி. வயலுக்கு அரை கிலோமீட்டர் போகிறவனை வளைவில் நின்று படம் எடுத்து அனுப்புகிறார்கள். அதே வளைவில் பள்ளம் இருக்கிறது, அதை யாரும் படம் எடுப்பதில்லை. ஊருக்குள்ளும் வயல் பாதையிலும் ஹெல்மெட் கட்டாயம் வேண்டாம் என்று கேட்டால் என்ன தப்பு? ஆயிரம் பேர் உடனே கையெழுத்துப் போடுவார்கள்.

தஞ்சை செவிலி

தம்பி, கோபம் நியாயமானது. ஆனால் அந்தக் கோரிக்கையில் என் கையெழுத்து விழாது. அவசர சிகிச்சைப் பிரிவில் இரவு வேலை பார்க்கிறவள் நான். தலையில் அடிபட்டு வருகிறவர்களில் "பக்கத்துல கடைக்குத்தான் போனாரு" என்று உறவினர் சொல்லாத இரவு குறைவு. ஹெல்மெட்டைப் பெட்ரோல் டேங்க் மேல் வைத்துக்கொண்டு வந்தவரின் தலையைத் துடைத்துவிட்டு, கீறல் இல்லாத அந்த ஹெல்மெட்டை அவர் மனைவி கையில் கொடுத்திருக்கிறேன். ஹெல்மெட் போட்டு வந்தவர்கள் கை கால் உடைந்து வருவார்கள், வலியில் கத்துவார்கள், பெயர் சொல்வார்கள். பெயர் சொல்கிற நோயாளியைப் பார்த்தாலே எங்களுக்குப் பாதி நிம்மதி.

உரிமை என்றால், நல்ல ஹெல்மெட் குறைந்த விலையில் கிடைப்பதைக் கேளுங்கள். ஐஎஸ்ஐ முத்திரை இல்லாத ஹெல்மெட்டை விற்கக் கூடாது என்று 2021 ஜூன் முதல் சட்டம். ஆனாலும் சாலையோரத்தில் 200, 300 ரூபாய்க்கு மலிந்து கிடக்கிறது. உயிர் காக்கிற பொருளுக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி. அதைக் குறைப்பது மாநிலம் தனியாகச் செய்கிற காரியம் இல்லை. ஆனால் ஜிஎஸ்டி கவுன்சிலில் நம் மாநிலத்துக்கும் இடம் இருக்கிறது, அங்கே எழுப்பச் சொல்லலாம்.

இன்னொன்று, தெரியாதவர்களுக்காக. 2021 டிசம்பரில் தொடங்கிய இன்னுயிர் காப்போம் திட்டத்தில் விபத்துக்குப் பிறகு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். தொடங்கியபோது ஒருவருக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை என்று இருந்தது, பிறகு இரண்டு லட்சமாக உயர்த்தினார்கள். பட்டியலில் உள்ள தனியார் ஆஸ்பத்திரிகளிலும் உண்டு. அடிபட்டவரைத் தூக்கிக்கொண்டு பணத்துக்கு அலையாதீர்கள்.

மன்னார்குடி டு கலிபோர்னியா

ஊர்ச் சாலையைப் பற்றிப் படித்ததும் எழுதத் தோன்றியது. இங்கே பைக் ஓட்டுகிற சங்கங்கள் மாநில சட்டமன்றத்தில் வேலை செய்வதைப் பக்கத்திலிருந்து பார்க்கிறேன்.

அமெரிக்காவில் இந்தச் சங்கங்கள் பெரிதாக வளர்ந்ததே ஹெல்மெட் எதிர்ப்பில்தான். 1966இல் மத்திய அரசு ஒரு சட்டம் போட்டது: ஹெல்மெட்டைக் கட்டாயமாக்காத மாநிலத்துக்கு நெடுஞ்சாலைப் பணத்தைக் குறைப்போம் என்று. 1975க்குள் 47 மாநிலங்கள் கட்டாயமாக்கின. பைக் சங்கங்கள் விடாமல் போய் நின்றதில் 1976இல் அந்தத் தண்டனை நீக்கப்பட்டது. அதன்பின் ஒவ்வொரு மாநிலமாகச் சட்டத்தைத் தளர்த்தியது. 2000இல் புளோரிடா, 2012இல் மிச்சிகன் என்று இது தொடர்ந்தது. தளர்த்திய இடங்களில் சாவு கூடியது. செவிலி அக்கா சொன்னதுதான் அங்கேயும் நடந்தது. அந்தப் பாதையை நாம் எடுக்க வேண்டாம், குத்தாலம் தம்பி.

ஆனால் அவர்கள் வேலை செய்த முறையைக் கவனியுங்கள். வருடத்தில் ஒரு நாள் மாநிலத் தலைநகருக்குப் பைக்கிலேயே திரண்டு போவார்கள். ஒவ்வொரு தொகுதிக்காரரும் தன் தொகுதி உறுப்பினரின் அறைக்கே போய் உட்கார்வார். கையில் ஒரே ஒரு தாள் இருக்கும், அதில் எந்த மசோதா, எந்தப் பிரிவு, எந்தச் சொல்லை மாற்ற வேண்டும் என்று எழுதியிருக்கும். 2011இல் வாஷிங்டன் மாநிலம், பைக் ஓட்டுகிறவர் என்பதற்காகவே போலீஸ் நிறுத்திச் சோதிக்கக் கூடாது என்று சட்டம் கொண்டுவந்ததும், 2016இல் கலிபோர்னியா கார் வரிசைகளுக்கு நடுவே பைக் போவதைச் சட்டத்திலேயே வரையறுத்து ஏற்றதும் இப்படி நடந்தவை. "எங்களைக் கவனியுங்கள்" என்று பொதுவாகக் கேட்டு அவர்கள் எதையும் வாங்கவில்லை.

ஓய்வுபெற்ற கோட்டம்

வெண்ணாற்றங்கரை தம்பிக்கு. நெடுஞ்சாலைத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். தெரிந்ததைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

மனு கொடுப்பதற்கு முன் அந்தச் சாலை யாருடையது என்று தெரிந்துகொள்ளுங்கள். தஞ்சாவூர் நாகப்பட்டினம் சாலை தேசிய நெடுஞ்சாலை 83. அதைப் பற்றிக் கோட்டையில் அழுது பயனில்லை. ஊரை ஊரோடு இணைக்கும் மாநில, மாவட்டச் சாலைகள் நெடுஞ்சாலைத் துறை. கிராமத்துக்குள் போகிறவை ஊராட்சி ஒன்றியம். டெல்டாவில் இதற்கும் மேலே ஒரு சிக்கல் உண்டு. ஆற்றங்கரைச் சாலையில் கரை நீர்வளத் துறையுடையது, மேலே இருக்கிற தார் நெடுஞ்சாலைத் துறையுடையதாகவோ ஒன்றியத்துடையதாகவோ இருக்கும். மதகின் கைப்பிடிச் சுவர் உடைந்தால், "அது பாசனக் கட்டுமானம்" என்று ஒருவர் சொல்வார், "போக்குவரத்துக்கு ஆனது" என்று இன்னொருவர் சொல்வார். இரண்டு கோப்பும் உண்மையிலேயே அப்படித்தான் எழுதப்படுகின்றன. கரைக்கு மண் கொட்டவும் தடுப்புக் கம்பி நடவும் நீர்வளத் துறையின் அனுமதி வேண்டும். பெர்ம் நிரப்பாமல் கிடப்பதற்கு இது பாதிக் காரணம். இன்னொரு பாதி, தார் போடும் மதிப்பீட்டில் பெர்ம் மண்ணைச் சேர்த்தாலும் பில் போடும்போது அதை யாரும் போய் அளந்து பார்ப்பதில்லை.

ஆகவே "சாலை சரியில்லை" என்று எழுதாதீர்கள். இந்தச் சாலையில் இத்தனையாவது கிலோமீட்டரில், தார் விளிம்புக்கும் பெர்முக்கும் இத்தனை சென்டிமீட்டர் வித்தியாசம் என்று அளவுகோல் வைத்துப் படம் எடுத்து எழுதுங்கள். பொறியாளரால் அதைத் தள்ள முடியாது.

எப்போது கொடுக்க வேண்டும் என்பதும் முக்கியம். பட்ஜெட் முடிந்து, துறைவாரியாகச் செலவுக்குப் பேரவையின் ஒப்புதல் கேட்கிற மானியக் கோரிக்கை விவாதம் வரும்போது ஒவ்வொரு துறையும் கொள்கை விளக்கக் குறிப்பு வெளியிடும். எந்தப் பணிகளை எடுக்கப்போகிறார்கள் என்பது அதற்குச் சில மாதம் முன்பே கோட்ட அலுவலகங்களிலிருந்து மேலே போய்விடும். சட்டமன்றத்தில் பேச்சைக் கேட்டபிறகு மனு கொடுத்தால் அடுத்த வருடம்தான். பொங்கலுக்கு முன்பே உங்கள் தாள் கோட்டப் பொறியாளர் மேஜையிலும் எம்எல்ஏ கையிலும் இருக்க வேண்டும். எம்எல்ஏவுக்குப் பேரவையில் எழுப்ப ஒரு கேள்வியாகவே எழுதிக் கொடுங்கள். அவருக்கும் அது உதவி.

திருத்துறைப்பூண்டி டெலிவரி

எல்லாரும் சாலையைச் சொல்கிறீர்கள். எங்களைப் போல இரவு ஓட்டுகிறவர்களுக்குச் சாலையில் காயும் நெல்தான் எமன். அறுப்பு சமயத்தில் பாதிச் சாலையை நெல் அடைத்துக்கொள்ளும். வண்டி ஏறாமல் இருக்க ஓரத்தில் கருங்கல், பனைமட்டை, சில இடத்தில் பழைய டயர். சாயங்காலம் நெல்லைக் குவித்துக் கறுப்பு தார்ப்பாயைப் போட்டு மூடிவிடுகிறார்கள். எதிரே லாரி விளக்கு கண்ணில் அடிக்கும்போது கறுப்புத் தாரில் கறுப்புப் பாய் எங்கே தெரியும்? என்னோடு வேலை பார்த்த பையன் அப்படி ஒரு குவியலில் ஏறி விழுந்து தோள்பட்டை உடைந்து கிடந்தான். சாலையில் நெல் காயப்போடத் தடை என்று கறாராகக் கேட்க வேண்டும்.

ஒரத்தநாடு விவசாயி

தம்பி, உங்கள் கூட்டாளிக்கு நடந்தது வேதனை. ஆனால் சாலையில் நெல்லைக் கொட்டுவது எங்களுக்கு ஆசையா? கொள்முதல் நிலையத்தில் 17 சதவீத ஈரப்பதம் தாண்டினால் எடுக்க மாட்டார்கள். குறுவை அறுப்பு வருவது வடகிழக்குப் பருவமழை தொடங்குகிற வேளையில். வாயில் போட்டுக் கடித்துப் பார்த்துக்கொண்டிருக்க நேரம் இல்லை, வெயில் கிடைக்கிற இரண்டு மணி நேரத்தில் காயவைக்க வேண்டும். ஊர்க் களத்தில் பாதி ஆக்கிரமிப்பு, மீதி சிமெண்ட் பெயர்ந்து கிடக்கிறது. வெயில் சூடு ஏறிய தார்ச்சாலையை விட்டால் வேறு போக்கிடம் இல்லை. அந்தக் குவியலுக்குக் காவலாக ராத்திரி பூராவும் சாலையோரத்தில் படுத்திருப்பதும் நாங்கள்தான். எங்களையும் லாரி அடித்துவிட்டுப் போகிறது.

நானும் பைக்கில்தான் வயலுக்குப் போகிறேன். தடை கேட்டால் போலீஸ் வந்து நெல்லைத் தள்ளிவிடும், எங்கள் சாபம் உங்களுக்கு வந்து சேரும். களம் கேளுங்கள். கொள்முதல் நிலையம் இருக்கிற ஒவ்வொரு ஊரிலும் சிமெண்ட் களமும் நெல் உலர்த்தும் இயந்திரமும் வேண்டும் என்று பைக்காரர்கள் மனுவில் முதல் வரியாக எழுதினால், விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் எங்கள் ஆள்கள் எழுந்து உங்களுக்காகப் பேசுவார்கள். அதுவரை குவியலைச் சுற்றி ஒளிரும் பட்டை ஒட்டிய தடுப்பு வைக்க நான் தயார், எங்கள் தெருவிலும் சொல்கிறேன்.

திருத்துறைப்பூண்டி டெலிவரி

சரி ஐயா. களம் என்றே போடுங்கள். தடை என்ற சொல்லை எடுத்துவிடலாம். ஆனால் தார்ப்பாய் மேல் ஒளிரும் பட்டை என்பதையும் சேர்க்க வேண்டும். கூடவே கேஜ் வீலோடு, அதாவது சேற்று வயலுக்கான இரும்புச் சக்கரத்தோடு, தாரில் ஓடும் டிராக்டர், பின்விளக்கு இல்லாத டிரெய்லர், அறுப்பு மெஷின் சாலையில் இழுத்துப் போட்டுப் போகிற சேறு. மழை ஒரு தூறல் போட்டால் அந்தச் சேறு சோப்புதான்.

குடந்தை வக்கீல்

சட்டப் பக்கத்தைச் சொல்கிறேன். 2019 திருத்தத்தில் மோட்டார் வாகனச் சட்டத்தில் 198ஏ என்ற பிரிவு வந்தது. சாலையை வடிவமைப்பதிலும் கட்டுவதிலும் பராமரிப்பதிலும் பாதுகாப்புத் தரத்தைப் பின்பற்றாமல், அதனால் உயிர் போனாலோ ஊனம் ஏற்பட்டாலோ, பொறுப்பான அதிகாரி, ஒப்பந்ததாரர், ஆலோசகர் ஆகியோருக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். அந்தப் பணம் பாதிக்கப்பட்டவருக்கு வராது, விபத்து நிதிக்குப் போகும். ஆனாலும் குற்றம் சாலையுடையது என்று சட்டம் ஒத்துக்கொண்டிருக்கிறதே, அதுவே பெரிய பிடி.

பயன்படுத்த முடியாமல் போவது எங்கே என்றால், காவல் நிலையத்தில். பள்ளத்தில் விழுந்து ஒருவர் இறந்தால் முதல் தகவல் அறிக்கையில் "அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி, தானே நிலைதடுமாறி" என்று ஏறும். 2022 கணக்கில் இறந்தவர்களில் 71 சதவீதத்துக்கு மேல் அதிவேகம் என்ற ஒரே காரணத்தின் கீழ் வருவதில் இந்த வாசகத்துக்குப் பங்கு உண்டு என்பது என் கருத்து. செத்தவர் மேலேயே வழக்கு. குடும்பத்துக்கு அப்புறம் எந்தக் கதவும் திறக்காது. மூன்றாம் நபர் காப்பீடு இதற்கு உதவாது, வண்டி உரிமையாளருக்கான 15 லட்சம் தனிநபர் விபத்துக் காப்பீட்டை எடுத்திருந்தால் அது மட்டும் கிடைக்கும். அதையும் பலர் எடுப்பதில்லை.

இப்போது விபத்து விவரங்களைப் பதிவுசெய்ய சென்னை ஐஐடி உருவாக்கிய கணினித் தரவுத்தளம் இருக்கிறது. முதலில் சோதித்த மாநிலங்களில் நம்முடையதும் ஒன்று. போலீஸ் பதிவு செய்தவுடன் அந்தச் சாலைக்குரிய பொறியாளருக்குத் தகவல் போகும், அவர் இடத்தைப் பார்த்துச் சாலையின் நிலையை ஏற்ற வேண்டும். இங்கேதான் நாம் கை வைக்க வேண்டும். பொறியாளர் பதிவு இல்லாமல் எந்த விபத்துக் கோப்பையும் முடிக்கக் கூடாது என்று உள்துறையும் நெடுஞ்சாலைத் துறையும் சேர்ந்து உத்தரவு போட வேண்டும். புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை, ஒரு அரசாணை போதும்.

இரண்டாவது, மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழு. கோவை எலும்பு மருத்துவர் எஸ்.ராஜசேகரன் தொடுத்த பொதுநல வழக்கில் உச்ச நீதிமன்றம் 2017 நவம்பர் 30இல் கொடுத்த உத்தரவில், ஆட்சியர் தலைமையில் இந்தக் குழு எல்லா மாவட்டங்களிலும் இருக்க வேண்டும், பொதுமக்கள் தரப்பினரும் இடம்பெற வேண்டும் என்று இருக்கிறது. அந்த இடத்தில் பைக் ஓட்டுகிற ஒருவரை உட்காரவைக்கச் சொல்லி தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை என்று நான்கு மாவட்டத்திலும் கேட்கலாம்.

குத்தாலத்துக்காரன்

வக்கீல் சார், கோப்பு விஷயம் புரிகிறது. ஆனால் அபராதத்தை நான் விடவில்லை. ஹெல்மெட் வேண்டாம் என்பதை விட்டுவிடுகிறேன், அக்கா சொன்னது மனதில் நிற்கிறது. வாங்குகிற அபராதப் பணம் எந்த ஒன்றியத்தில் எவ்வளவு வசூலானது, அதில் எவ்வளவு அந்த ஒன்றியத்துச் சாலைப் பாதுகாப்புக்கு வந்தது என்று வருடா வருடம் வெளியிட வேண்டும். முதல் தடவை சிக்குகிறவருக்கு அபராதத் தொகைக்கு ஐஎஸ்ஐ ஹெல்மெட்டைக் கையில் கொடுத்து அனுப்பட்டும்.

தஞ்சை செவிலி

இதற்கு என் கையெழுத்து உண்டு, தம்பி.

ஓய்வுபெற்ற கோட்டம்

ஒரு முக்கியமான விஷயம் விட்டுப்போயிற்று. சட்டமன்றப் பேரவையின் மனுக்கள் குழு மாவட்டங்களுக்கு வரும்போது பத்திரிகையில் அறிவிப்பு வரும். பல ஆண்டுகளாகத் தீராத பொதுப் பிரச்சினையைத்தான் எடுப்பார்கள். தனிப்பட்ட குறை கூடாது, நீதிமன்றத்தில் நிலுவையில் இருக்கக் கூடாது. ஒரு மனுவில் ஒரே பிரச்சினை, அதுவும் ஒரே துறையைச் சேர்ந்ததாக இருக்க வேண்டும். நம் கரைச்சாலைப் பிரச்சினை இரண்டு துறையில் கிடக்கிறது. ஒரே மனுவாகப் போட்டால் இதைக் காட்டியே தள்ளிவிடலாம். மதகுச் சுவருக்கு நீர்வளத் துறைக்கு ஒரு மனு, பெர்முக்கு நெடுஞ்சாலைத் துறைக்கு ஒரு மனு என்று தனித்தனியாகப் போடுங்கள். இரண்டிலும் அதே இடம், அதே படம். குழுவின் முன்னால் இரு துறை அதிகாரிகளும் நிற்கும்போது "அவர்களுடையது" என்று சொல்ல முடியாது.

வெண்ணாற்றங்கரை

ஐயா, இந்த ஒரு குறிப்புக்கே இழை தொடங்கியது வீண் போகவில்லை.

அப்படியானால் இப்படிச் செய்வோம். நீடாமங்கலம், வலங்கைமான், மன்னார்குடி பக்கத்துக் கரைச்சாலைகளை நானும் நண்பர்களும் அளந்து படம் எடுக்கிறோம். கூத்தாநல்லூர் முதல் திருத்துறைப்பூண்டி வரை டெலிவரி தம்பி பார்த்துக்கொள்ளட்டும், இரவு எங்கே குவியல் விழுகிறது என்று அவருக்குத்தான் தெரியும். களத்துக்கான மனுவை ஒரத்தநாடு ஐயா எழுதினால்தான் அதில் உயிர் இருக்கும். அது கிராம சபையில் தீர்மானமாக நிறைவேறிப் போனால் நல்லது, வருகிற அக்டோபர் 2 கூட்டத்தில் வைக்கலாம். அபராதக் கணக்கைக் குத்தாலம் தம்பி தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கட்டும். 10 ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில் வர வேண்டும். பொறியாளர் பதிவு பற்றிய கேள்வியை வக்கீல் சார் வாசகம் அமைத்துக் கொடுத்தால் எல்லா மாவட்டத்திலும் ஒரே மாதிரி கேட்கலாம்.

குடந்தை வக்கீல்

வாசகம் இதோ, அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்: "... காவல் நிலைய எல்லையில் கடந்த இரண்டு ஆண்டுகளில் நடந்த, உயிரிழப்பு ஏற்பட்ட இருசக்கர வாகன விபத்துகள் எத்தனை, அவற்றில் சாலைக்குரிய பொறியாளர் இடத்தைப் பார்வையிட்டுத் தரவுத்தளத்தில் விவரம் ஏற்றியவை எத்தனை, ஏற்றப்படாதவை எத்தனை." காரணம் எதுவும் கேட்காதீர்கள், காரணம் கேட்டால் அது தகவல் இல்லை என்று திருப்பிவிடுவார்கள். எண்ணிக்கையை மட்டும் கேளுங்கள். மனுவைப் பொதுத் தகவல் அலுவலர், மாவட்டக் காவல் அலுவலகம் என்று போட்டு, ஒப்புகை கிடைக்கிற மாதிரி ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள்.

ஒரத்தநாடு விவசாயி

தீர்மானத்தை எழுத ஆரம்பித்துவிட்டேன். களம் இருந்து பாழாய்க் கிடக்கிற ஊர்களின் பெயர் வேண்டும். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை எந்த மாவட்டமானாலும் சரி, ஊர்ப் பெயரும் களத்தின் படமும் இங்கே போடுங்கள்.